ஏழேகால் மணி அறிவித்தல்

போன வெள்ளிக்கிழமை, நடுக்கடலில், ஒரு பை பயத்தம் பணியாரத்தைப் பார்த்து எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பணியாரத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். ஏன் என்று சொல்லாமல், மழையைப் பற்றியோ மினிபஸ்ஸைப் பற்றியோ எழுதி இந்த வாரத்தைக் கடத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் முயன்றும் பார்த்தேன். மினிபஸ் நகரவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும் — நான்கு மாதங்களுக்கு முன் ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். எத்தனையோ சனல்களில் உலகம் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, மாலை ஏழேகாலுக்கு உள்ளூர்க் கேபிள் சனலில் மரண அறிவித்தல் பார்ப்பதற்கென்றே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கும் அம்மா. நாதஸ்வரம் அழும். ஒவ்வொரு படமாக வரும். அம்மா உச்சுக் கொட்டுவார். ‘செத்தவீட்டு ரீவி அம்மா’ என்று அவருக்கு ஒரு பெயர் வேறு வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நல்ல மனிதன் வந்து, அந்தக் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தில் ஓடும் ஸ்மார்ட் ரீவியைப் பூட்டிக் கொடுத்து, அம்மாவை இந்த நூற்றாண்டுக்குக் கூட்டி வந்தான் என்று முடித்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த அம்மா என் சொந்த அக்கா. புங்குடுதீவில், மடத்துவெளியில் தனியாக இருக்கிறார். அந்த நல்ல மனிதன் நான்.

ரீவி அக்காவின் மகள் கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்தது. பூட்டும் வேலை என்னுடையது. பூட்டி முடித்த கையோடு, பழைய கேபிள் பெட்டி இனி என்னத்துக்கு என்று நானே அதைக் கழற்றினேன். சுவரில் இருந்த வயரையும் இழுத்துச் சுருட்டினேன். கேபிள்காரருக்குப் போன் எடுத்து லைனை வெட்டவும் சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அறிவித்தல் இதிலையும் வருமோ தம்பி?”

“எல்லாம் வரும் அக்கா. உலகமே இதுக்குள்ளதான் கிடக்கு” என்றேன்.

உலகம் கிடந்தது, உண்மை. அறிவித்தல் வரவில்லை. எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கும். அதைத் தேட அக்காவுக்குத் தெரியாது... தேடிக் கொடுக்க எனக்கு நேரமில்லை. ‘உங்களுக்காகத் தெரிவு செய்தவை’ என்று அந்த ரீவி சமையலும் தேரும் பழைய படமும் காட்டிக்கொண்டே இருந்தது. அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் பெருமை.

எங்கள் தீவுப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு விஷயம். கலியாணம் என்றால் எங்களுக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும், கார்ட் வைக்க வேண்டும், வைக்கிற விதத்தில் பிழை வந்தால் பத்து வருசக் கோபம் வரும். செத்தவீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்ட உடனே போய் நிற்க வேண்டும். கேள்விப்பட்டும் போகாமல் இருந்தவருக்கு மன்னிப்புக் கிடையாது. அவர் வீட்டு வாசலை அந்தக் குடும்பம் பிறகு மிதிக்காது.

அப்படியான ஊரில் அக்கா ஏழேகாலுக்கு ரீவிக்கு முன்னால் இருந்தது பொழுது போகாமலா? படம் வந்து மறைவதற்குள் அவர் கை போனைத் தேடும். இறந்தவர் யாருக்கு என்ன முறை, யாரோடு படித்தவர், யார் வீட்டில் பெண் எடுத்தவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் இரவுச் சாப்பாட்டில் கை வைப்பார். மடத்துவெளியில் பாதிப் பேர் செத்தவீடுகளைக் கேள்விப்பட்டது அக்காவின் வாயால்தான். இந்தப் போன் எடுக்கும் பழக்கத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. அதற்கும் ஒரு பந்தி கேலி எழுதியிருந்தேன்.

இனி மனோன்மணி அக்கா. நயினாதீவுக்காரி. என் அக்காவின் சிநேகிதி. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே குசினியில் இரண்டு வருசம் சமைத்துச் சாப்பிட்டவர்கள். அக்காவின் மகள் பிறந்ததும் அங்கேதான். குழந்தையை முதலில் கையில் வாங்கியது மனோன்மணி அக்கா. பிறகு அவரவர் தீவுக்குத் திரும்பினார்கள். ஆனாலும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போட் ஏறிவிடுவார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடு மனோன்மணி அக்கா வீட்டில்.

மனோன்மணி அக்காவுக்குக் காது மந்தம். போனில் பேசுவது சரிவராது. ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்தப் போட் மட்டும்தான். இந்த நான்கு மாதமும் அக்காவுக்கு முழங்கால் நோ, போட் ஏற முடியவில்லை.

அந்த இடைவெளியில் மனோன்மணி அக்கா போய்விட்டார்.

எனக்குத் தெரியும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவருடைய மகள் வாசுகி போனில் ஸ்ரேற்றஸ் போட்டிருந்தார் — அம்மாவின் படம், கீழே இரண்டு வரி. பார்த்தேன். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று தட்டி, கும்பிடும் கை இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். அந்த வாரம் நான் ஒரு துப்பறியும் தொடருக்குள் விழுந்து கிடந்தேன். எட்டுப் பாகம். ஐந்தாவது முடிந்திருந்தது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அனுதாபத்தை அனுப்பிவிட்டு ஆறாவதை அழுத்தினேன்.

நான் இருக்கும் சுருவிலில் இருந்து நயினாதீவு என்ன அமெரிக்காவா? போயிருக்கலாம். ஆனால் மனம் ஒரு கணக்குப் போட்டது. முழங்கால் நோவென்றாலும் செத்தவீட்டுக்கு அக்கா போவார்தானே, குடும்பத்தில் ஒருவர் போனால் காணும். அக்கா ஏழேகாலுக்கு ரீவியில் பார்த்திருப்பார்தானே...

பார்த்தீர்களா? கேபிளைக் கழற்றியவன் நான். கழற்றியதைப் பற்றிப் பத்தி எழுதிக் கைதட்டு வாங்கியவன் நான். கழற்றியதை மறந்தவனும் நான்.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா போன் எடுத்தார். கால் பரவாயில்லை, அம்மனிடம் போய்வர வேண்டும், கூட வா என்றார். மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனேன். வழியில் மனோன்மணி அக்காவின் பேச்சை நான் எடுக்கவேயில்லை. எடுத்தால் நீ ஏன் செத்தவீட்டுக்கு வரவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவரும் எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

போட் பாதிக் கடலுக்கு வந்தபோது அக்கா மடியில் இருந்த பையை ஒருமுறை திறந்து பார்த்து மூடினார். பயத்தம் பணியார வாசம் வந்தது. கோயிலுக்கா என்று கேட்டேன்.

“மனோன்மணிக்கு. நாலு மாசமாய்க் காணாமல் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.”

அப்போதுதான் வியர்த்தது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். “அக்கா” என்று கூப்பிட்டேன். என்ன என்று திரும்பினார். முகத்தில் அவ்வளவு சந்தோசம். ஒன்றுமில்லை என்றேன். இஞ்சின் சத்தத்தில் பேச முடியவில்லை என்று எனக்கு நானே ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டேன். முன்னுக்கு இருந்த இரண்டு பெண்கள் அதே இஞ்சின் சத்தத்தில் கரை வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்கள்.

கோயிலில் சொல்வோம் என்று நினைத்தேன். கோயிலில் வைத்து எப்படிச் சொல்வது என்று விட்டேன். அம்மனுக்கு முன்னால் கண்ணை மூடி நான் என்ன கேட்டேன் தெரியுமா? அக்காவுக்கு முழங்கால் நொந்து, திரும்பிப் போவோம் என்று சொல்லிவிட வேண்டும் என்று கேட்டேன். ஐம்பத்தாறு வயது மனிதன். வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்லுகிறவன்.

அக்கா உற்சாகமாக நடந்தார். ஒழுங்கை திரும்பியதும் வீடு. கேற்றில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய பனர் கட்டியிருந்தது. மனோன்மணி அக்கா அதில் நல்ல சேலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நின்றார். கிட்டப் போய்ப் பெயரை வாசித்தார். பிறகு திகதியை வாசித்தார். வாய்க்குள் எண்ணினார்.

“பன்ரண்டு நாள்” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு பையை என்னிடம் நீட்டினார். “இதைப் பிடி. செத்த வீட்டுக்குள்ள பலகாரம் கொண்டு போகேலாது.”

நான் பிடித்துக்கொண்டேன்.

வாசுகி ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். இரண்டு பேரும் அழுது ஓயும்வரை நான் பையோடு நின்றேன். பிறகு வாசுகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மாமி, நீங்கள் வாய்க்கரிசி போட வருவியள் எண்டு அம்மாவை எடுக்காமல் வைச்சிருந்தனாங்கள். ஒவ்வொரு போட்டுக்கும் ஆள் விட்டுப் பாத்தனாங்கள். ஐயர் நேரம் போகுது எண்டு ஏசினவர். ரீவியில போட்டது, மாமாவும் போனில அனுதாபம் அனுப்பினவர்... அப்ப மாமிக்குத் தெரியும்தானே எண்டு இருந்திட்டம்.”

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். ஒருமுறைதான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது பிள்ளை என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை? ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். அனுதாபம் அனுப்பிய மாமா கூடப்பிறந்த அக்காவுக்கு ஏன் சொல்லவில்லை?

“கேள்விப்பட்டனான் பிள்ளை” என்றார் அக்கா. “முழங்கால் எழும்ப ஏலாமல் கிடந்தது. வரேலாமல் போச்சு.”

கேள்விப்பட்டும் வராதவள். எங்கள் ஊரில் மன்னிப்பே இல்லாத அந்தக் குற்றத்தை எடுத்து அக்கா தன் தலையில் வைத்துக்கொண்டார். வாசுகியின் முகம் ஒரு கணம் மாறியது. போட் ஏறி, வாசல் வரை நடந்து வரக்கூடிய கால்தானே என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் இருங்கோ மாமி என்று கதிரை போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தேன்.

போகிற நேரத்தில், துக்கத்தைக் கொஞ்சம் இலேசாக்க நினைத்தோ என்னவோ, வாசுகி என் பத்தியைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்குக் கண்ணும் மங்கல், அதனால் பக்கத்தில் இருந்து உரத்து வாசித்துக் காட்டுவது வழக்கமாம். செத்தவீட்டு ரீவி அம்மா கதையையும் வாசித்தாராம்.

“நான் சிரிச்சனான் மாமா. அம்மா சிரிக்கேல்லை. ஆர் பெத்த பிள்ளையோ, இனி அவளுக்கு ஆர் போய்ச் சொல்லுறது எண்டு கேட்டவா.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காகத்தான் மனோன்மணி கவலைப்பட்டாள் என்பது அந்த வீட்டில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

திரும்பும் போட்டில் மன்னிப்புக் கேட்டேன். பாதியில் நிறுத்தினார்.

“விடு தம்பி. வயரைக் கழட்டேக்கை நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்.”

பணியாரப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். அந்தப் பை இப்போதும் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. சாப்பிட மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

மறுநாளே கேபிள்காரரைப் பிடித்து லைனைத் திரும்பக் கொடுக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக ஸ்மார்ட் ரீவிக்குப் போய்விட்டதாம். கடைசியாக இருந்தது அக்காவின் லைன் ஒன்றுதானாம். அதையும் நான் வெட்டச் சொன்னதும், ஒழுங்கை முழுக்க வயரை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அறிவித்தல் போனிலும் வருகிறது, லிங்க் அனுப்பிவிடுகிறேன் அண்ணை என்று ஆறுதல் சொன்னார்.

அனுப்பினார். இப்போது ஏழேகாலுக்கு நான் போனில் அறிவித்தலைத் திறந்து, வீட்டுப் போனில் அக்காவை எடுத்து, ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். என்னுடைய தொடர்களெல்லாம் எனக்காகக் காத்திருக்கும். எந்த நேரமும் நிறுத்தலாம், எந்த நேரமும் தொடங்கலாம். பழைய ரீவி அப்படி இல்லை. எங்களுக்கு விருப்பமோ இல்லையோ, ஊர் முழுவதுக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தைக் காட்டியது. இன்றைய ரீவி விருப்பமானதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது. சிநேகிதி செத்த செய்தியை யார் விரும்பித் தெரிவு செய்வார்கள்?

அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் “வேறை?” என்பார். வேறு இல்லை அக்கா என்பேன். சரி என்று வைத்துவிடுவார். மூன்று நாளாகிறது, வைத்த பிறகு அவர் யாருக்கும் போன் எடுப்பதில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்டுப் பார்த்தேன். கேள்விப்பட்டும் போகாதவள் மற்றவர்களுக்கு என்னவென்று போன் எடுக்கிறது என்றார்.

அதனால்தான் மினிபஸ்ஸைப் பற்றி எழுத முடியவில்லை. இனி உரத்து வாசித்துக் காட்ட அம்மா இல்லாவிட்டாலும், இதை நீர் வாசிப்பீர் என்று தெரியும், வாசுகி.

மாமி கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டும் வராதவன் நான்.