எக்போமாவின் வாளியம்மா

பக்கத்து அறையில் குவளைக்குள் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. எசோஹே புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நினைத்தது சரிதான். தோழி இசோக்கென் கட்டிலில் சாய்ந்தபடி, தண்ணீரில் ஊறிய கர்ரியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். வறுத்த மரவள்ளிப் பொடியான அந்தக் கர்ரி இல்லாமல் எக்போமா பல்கலைக்கழக மாணவியர் விடுதியில் மாதக் கடைசி நகராது. கட்டிலுக்கடியில் சாக்கு வாய்திறந்து கிடந்தது. ஓரத்தில் எலி கடித்த ஓட்டை.

"அடிப்பாவி! நான் குடுத்த வாளி எங்கடி?"

"துணி ஊறுது அதுல. வந்துட்டா வாளியம்மா! எங்கம்மா சந்தையில விக்கிற கர்ரிடி இது. விஷமா வச்சிருப்பா?"

ரொட்டிக் கடைகளில் காலி வாளிகளைக் கெஞ்சி வாங்கி, தேய்த்துக் கழுவி, மூடியோடு அறை அறையாகக் கொடுப்பவள் எசோஹே. வரலாறு படிப்பவளுக்கு எலியோடு என்ன சண்டை என்று விடுதியே சிரிக்கும். அவள் அக்காவின் காய்ச்சலை எல்லாரும் மலேரியா என்றே நம்பினார்கள். எலி மூத்திரம் பட்ட உணவால் தொற்றும் லஸ்ஸா காய்ச்சல் என்று தெரிந்தபோது, அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

இசோக்கெனின் கண்கள் சிவந்திருந்தன. உதடு நடுங்கியது.

"காய்ச்சலாடி?"

"மலேரியாதான். மாத்திரை போட்டும் இறங்கல. நாளைக்குக் கடைசிப் பரீட்சை. நீ ஆஸ்பத்திரிக்குச் சொன்னியோ, அப்புறம் நீ யாரோ நான் யாரோ!"

தோழமையா, தோழியின் உயிரா? அழுதுகொண்டே எசோஹே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

முகமூடியும் கவச உடையுமாக ஆட்கள் வந்தார்கள். தாழ்வாரம் காலியானது. இசோக்கென் திரும்பிப் பார்க்காமலே வண்டியேறினாள். அவள் அம்மா போனில் கத்தினாள்: "என் மக பேரைக் கெடுத்தியே! இனி என் கர்ரிய எவ வாங்குவா?"

எசோஹே தினமும் தனக்கும் தொற்றியதோ என்று உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனை லஸ்ஸா என்றது. சீக்கிரம் வந்ததால் மருந்து கேட்கிறது என்றும் மருத்துவர் சொன்னார். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. இசோக்கெனின் அம்மா தலைகுனிந்து நின்றாள்.

"மகளே, அவ எழுந்து நடக்கிறா. உன்னைத்தான் கேக்கிறா."

எசோஹே கதவை அகலத் திறந்தாள்.

"கண்ணுல பட்டாத்தான் விக்கும்னு கர்ரியத் திறந்தே குவிச்சு வச்சிருந்தேன். மிச்சத்தையும் அப்படியே சாக்குல கட்டி அவளுக்கு அனுப்பினேன்." கிழவி அல்லாத அந்தத் தாய் அன்று கிழவியாகத் தெரிந்தாள். "பெரிய வாளி இருக்கா? மூடியோட?"

"மூடினா யாருக்கும் தெரியாதேம்மா. எப்படி விப்பீங்க?"

"போன்ல கத்தினேனே, கேக்கலையா? அந்த வாய் எதுக்கு இருக்கு!"

இருவரும் அழுகையோடு சிரித்துவிட்டார்கள். எசோஹே அடுக்கித் தந்த வாளிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தத் தாய் படியிறங்கினாள். அவள் தலை மறையும்வரை பார்த்திருந்த எசோஹே கதவைச் சாத்தினாள். எலி நுழையாமல் கதவடியில் அடித்திருந்த தகரம் தரையோடு ஒட்டி உரசி மூடியது.