காணி என் பேரில்

கல்முனையில் எங்கள் ஆட்களிடம் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வயலை உழுது முடித்த கையோடு, வனத் திணைக்களக்காரர்கள் வந்து சுற்றிவர எல்லைக் கல் நட்டார்கள். இனி அது காடாம். உழுத காட்டை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? வழக்குப் போட்டோம். கோட்டில் போகம் முடிந்த பிறகு வரும் ஒரு திகதியைத் தவணையாகத் தந்தார்கள். பக்கத்து வயல்காரிகளும் நானும் கூடிப் பேசி, விதை நெல்லை ஊறவைத்துவிட்டோம். முளைத்த நெல்லுக்குத் தவணை சொல்ல ஏலுமா?

விதைக்கப் போன காலையில் என் தம்பி பொடியன்களோடு வந்து நின்றான், கையில் பெற்றோல் கலன். எல்லையைச் சுற்றிக் கான் தோண்ட வந்த திணைக்களத்துப் பெக்கோ இயந்திரம் வயலோரத்தில் நின்றது.

“ராத்தா, நீங்க ஊட்டுக்குப் போங்க. இத எரிச்சாத்தான் இவனுகளுக்குக் காது கேக்கும்.”

எனக்கு மட்டும் கோபம் இல்லையா? கல் நட்ட அன்று பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால்தான் அந்த அதிகாரியின் கன்னம் தப்பியது.

“காணி ஆர்ட பேரிலடா?”

“உங்கட பேரில.”

“அப்ப சண்டையும் என்டதான். நீ எரிச்சா நாளைக்கு எல்லாரும் எரிஞ்ச பெக்கோவப் பத்தித்தான் கதைப்பாங்க. என்ட வயல ஆரு கதைக்கிற? பொலிஸ் வந்து ஊர்ப் பொடியனுகள அள்ளிக்கொண்டும் போகும்.”

“சும்மா நிண்டா மட்டும் தருவானுகளா?”

“ஆரு சும்மா நிக்கிற? விதைக்கப் போறம்.”

கலனைப் பறித்து, விதை நெல் ஏற்றிவந்த ஓட்டோக்காரரிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

பிஸ்மி சொல்லிச் சேற்றில் இறங்கினோம். பெக்கோவுக்குக் காவல் நின்ற காவலாளிகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவன் என் தம்பியின் பெண்சாதியிடமிருந்த நெல்லுப் பேசின் பாத்திரத்தைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் குப்புற விழுந்தாள். வரம்பில் நின்ற தம்பி குனிந்து கல்லொன்றை எடுத்துவிட்டான்.

“யா அல்லாஹ்! எறிஞ்சிராதடா!”

அவன் கல்லை வாய்க்காலில் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினான். பெண்சாதியைத் தூக்கி நிறுத்தினான். பேசினை எடுத்து, அழுதுகொண்டே விதைத்தான். ஓரிடத்தில் கொட்டினான், ஓரிடத்தில் விட்டான். என்ன விதைப்பு அது! ஆனாலும் என் தம்பியை நினைத்து அன்றைக்குப்போல் ஒருநாளும் நான் பெருமைப்பட்டதில்லை.

விதைத்து முடித்த பிறகுதான் பொலிஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. இனி அந்த வயலில் இறங்கமாட்டோம் என்று கையெழுத்து வைத்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர்.

“அது ஏலாது சேர்,” என்றேன். “இன்னும் கொஞ்ச நாளில நெல்லுக்கு உரப் பசளை எறிய இறங்கணும்.”