அக்கா சொல்லாத பெயர்

அக்கா புருஷனின் தாடை நழுவியதற்கு நான்தான் காரணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றப் போனவன், இரண்டு வருஷம் கழித்துக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பியிருந்தேன். பம்பாய் ஓட்டலில் தட்டு கழுவியதை, ஓட்டலையே நடத்தியதுபோல ஒரு சனிக்கிழமை காலையில் அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். நூல் மில்லில் இராத்திரி ஷிப்டு முடித்து வந்த மனிதர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் கண்ணில் நீர் வழிந்ததும் அக்காவும் அழ ஆரம்பித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாடை வைக்கிற டாக்டர் லீவு. "உங்களுக்குத்தான் மில்லு இன்சூரன்ஸ் இருக்குதே, அங்க போங்க" என்றார்கள். இன்சூரன்ஸ் மருந்தகத்தில் டாக்டர் பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார். விட்டால் திங்கட்கிழமை. அதற்குள் தாடை இறுகிப்போனால் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கிழித்துத்தான் வைக்கவேண்டும் என்று கம்பவுண்டர் வேறு சொல்லி அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

சீட்டு எழுதும் கிளார்க் தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். இன்சூரன்ஸ் அட்டையை வாங்கிப் புரட்டினார். அக்கா வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பாள். அந்தச் சாயப் பாத்திரத்தில் ஒருநாள் விழுந்து எழுந்த அட்டை அது. நம்பர் மட்டும் அழியாமல் தப்பியிருந்தது. பெயர் இருந்த இடம் அரக்குச் சிவப்பில் ஜொலித்தது.

"பேரு?" என்றார், பதிவேட்டை விரித்துக்கொண்டே.

நான் முந்திக்கொண்டு, வீட்டில் அவரைக் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தொலைத்தேன்.

"இந்த நம்பர்ல அப்படி ஆளே இல்ல. போன வாரந்தான் ஒருத்தன் அடுத்தவன் அட்டையக் காட்டி ஊசி போட்டுட்டுப் போனான். நீ யாரு?"

"அவரு மச்சான் சார்."

"மச்சான் குடும்பத்துல சேத்தி இல்ல. அவரே சொல்லட்டும்."

"ஆ" என்றார் மாமா. "ஆஆ."

எழுதிக் காட்டவும் அவருக்குத் தெரியாது. மில்லில் கைநாட்டு.

"அப்ப அவரு சம்சாரம் சொல்லணும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். அதே பெயருள்ள சாமியின் கோயிலைக்கூட 'அந்தக் கோயிலு' என்றுதான் சொல்வாள். நானும் அதை இங்கே எழுதவில்லை. அக்கா இன்னும் இருக்கிறாள்.

"அவருதாங்க. சின்னக் காஞ்சிபுரத்துல குளத்துக்குள்ள படுத்துக்கினு இருக்கறாரே. நாப்பது வருசத்துக்கு ஒருக்கா மேல வருவாரே."

கிளார்க் உண்மையாகவே யோசித்தார். "குளத்துல படுத்துக் கெடக்கிறது எங்க ஊர்ல எருமைதாம்மா."

வரிசையே சிரித்தது. மாமாவுக்கும் சிரிப்பு வந்து, வலி தாளாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்களுக்குப் பெயர் புரிந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் அது புரியாமல் இருக்குமா? ஒருவர் சொன்னார், பின்னால் நாலு பேர் சொன்னார்கள், நானும் சேர்ந்து கத்தினேன். பதிவேட்டிலும் அதே பெயர்தான் என்பது கிளார்க் முகத்திலேயே தெரிந்தது.

"சரிதான். ஆனா வெளியாள் சொல்லி எழுதினா என் வேலை போயிரும். அந்தம்மா சொல்லட்டும்."

நான் டாக்டர் அறைக்குள் நுழையப் பார்த்தேன். பியூன் என் காலரைப் பிடித்தான். "சீட்டு இல்லாம வுட்டா எனக்கு மெமோப்பா." காலர் அவன் கையோடு போயிற்று. அது பம்பாயிலேயே பாதி பிய்ந்ததுதான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் வைப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

"அக்கா, ஒரே ஒரு தரம் சொல்லிடுக்கா."

"நீ வாய மூடு. உன்னாலதான் அவரு வாய் மூட மாட்டேங்குது."

என்னைத் திட்டி முடித்தவள் சட்டென்று சின்னக் காஞ்சிபுரம் இருக்கும் திசைக்குத் திரும்பினாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். கட்டடமே அதிர மூன்று தரம் சாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

கிளார்க் பேனாவை எடுத்தார். "இப்பச் சொன்னீங்களே, அது புருசன் பேருதானே?"

"நான் சாமியக் கூப்டேன். உன் காதுல என்னா வுழுந்துச்சோ அத எழுதிக்கோ."

"நானும் சாமி பேரத்தாம்மா எழுதுறேன்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

டாக்டர் கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றி மாமாவின் வாய்க்குள் விட்டு ஓர் அழுத்து அழுத்தினார். 'டொக்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மாமா தாடையை இரண்டு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுப் பேசிய முதல் வார்த்தை: "என் பேரச் சொல்லிட்டியா நீ?"

"நான் எதுக்குச் சொல்றேன்? சாமியக் கூப்டேன்."

அதற்குப் பிறகு அக்காவுக்குப் பக்தி அதிகமாகிவிட்டது. மாமா சொல்லாமல் சினிமாவுக்குப் போய் வந்தால், அடுப்படியில் நின்று அந்தச் சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்குக் கண்ணு இருக்குதா? நீ உருப்படுவியா?" என்று கேட்பாள். சாமியோடு பேசுகிறவளை யார் தடுப்பது? மாமா பேசாமல் கேட்டுக்கொள்வார்.

நான் பம்பாய்க் கதையை எடுத்தால் மட்டும், கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார்.