கட்டைவிரலில் கட்டிய கயிறு

பிள்ளைகளைத் தூங்க வைப்பது என் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு இருக்கும் ஒரே எதிரி என் தூக்கம். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் இல்லை. ஆரம்பத்தில் நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

பீடோங்கிலிருந்து உள்ளே வந்தால், செம்பனைத் தோட்டத்து வேலி முடிகிற இடத்தில் எங்கள் தாமான் ஆரம்பிக்கும், வரிசை வீடுகளாகக் கட்டிய குடியிருப்பு. இங்கே பாதிப் பெண்கள் ஃபேக்டரிக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே பஸ் வந்து ஹாரன் அடிக்கும். கைப்பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் அவர்கள் ஏற வேண்டும். பல வருடமாக அந்த ‘யாரிடமாவது’ நான்தான்.

ஹாலில் ஒரு ஸ்பிரிங் தொங்கும். அதில் கைலியை மாட்டினால் தொட்டில். தொட்டிலின் அடியிலிருந்து ஒரு கயிறு வரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கீரை ஆய்ந்தபடியே காலை ஆட்டுவார்கள். பிள்ளையும் தூங்கும், கீரையும் முடியும். நான் அதைத் தலைகீழாக்கினேன். பிள்ளை அசைந்தால் ஸ்பிரிங் குதிக்கும், கயிறு இழுக்கும், விரல் வலிக்கும், நான் விழித்துக்கொள்வேன். அதற்காகவே கட்டினேன்.

ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரின் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். பின் வரிசை வீட்டில் இருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

“ஏ புள்ள, கட்டவெரல்ல கயித்தக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கியே. அங்க எப்பக் கட்டுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? அவுத்துப் போடுலா மொதல்ல.”

தெரியாமல் என்ன. செத்தவர்களுக்குத்தான் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். “அது எழுந்திரிக்காதவங்களுக்குக் கட்டுறது அண்ணி. இது எழுந்திரிக்கிறதுக்கு,” என்றேன். அவர் வாயில் அடித்துக்கொண்டு போனார். நான் அவிழ்க்கவில்லை.

என் தூக்கத்தில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். என் குறட்டை தாங்காமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர், கொஞ்ச நாளில் தானாகத் திரும்பி வந்தார். பாசத்தில் வந்தார் என்று நினைத்தேன். பயத்தில் வந்திருக்கிறார்.

“கொரட்ட வுட்டா பரவால்ல. திடீர்னு நின்னு போவுது பாரு, அப்பத்தான் என் தூக்கம் போவுது. மூச்சும் சேந்து நிக்குது. நான் தட்டுனாத்தான் வுடுற.”

நான் நம்பவில்லை. மூச்சு விடாதவள் காலையில் எழுந்து எப்படித் தோசை சுடுவாளாம் என்று கேட்டேன். அவர் போனில் பதிவு செய்து காட்டினார். பெரிய குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு கிணற்றில் விழுந்து மேலே வந்தவள் மாதிரி ஒரு இழுப்பு. அந்தச் சத்தம் என்னுடையது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு. பெண் விட்டால் ஊருக்கே கதை.

பகலில் எனக்குத் தலை பாறையாக இருக்கும். வாய் காய்ந்திருக்கும். கோயிலில் தீபாராதனை நேரத்தில் நின்றபடியே தூங்கி முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்திருக்கிறேன். சுங்கை பட்டாணிக்குப் போன பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிப் போய், டிரைவர் தட்டி எழுப்பி, வேற்றூர் ஸ்டேஷனில் நின்றிருக்கிறேன். “கும்பகர்ணனுக்குத் தங்கச்சி இருந்தா ஒங்கள மாதிரிதான் இருப்பா,” என்றார் கடைக்காரர். “கொஞ்சமா சாப்டுங்கலா” என்று அறிவுரை சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. இரவு முழுக்கத் தூங்கியும் தூங்காதவள் போலிருப்பதை யாருக்குப் புரிய வைப்பது? எனக்கே புரியவில்லை.

அண்ணிக்கு மட்டும் உடனே புரிந்தது. அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்காருகிறது என்றார். தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியை வைத்தார், வாசலில் எலுமிச்சை கட்டினார். அமுக்குவான் பயப்படவில்லை. பாக்குவெட்டி குத்தி என் கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். போனில் இருந்த சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார்: தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி உங்களை எழுப்புகிறது, இரவு முழுக்க இதுதான் நடக்கிறது, நீங்கள் உண்மையில் தூங்குவதே இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். நான் சோம்பேறி இல்லை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆனால் சந்தேகம் வேறு, நிச்சயம் வேறு. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுத்து டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். அது நிச்சயமானால்தான் மூக்கில் காற்று ஊதும் மெஷினைப் பற்றிப் பேச முடியும். அதற்கு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், கூப்பிடுவார்கள் என்றார். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எடை குறைய வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பிள்ளை பார்க்கிறேன் என்றேன். அவர் பேனா நின்றது.

“பகலில் வீட்டில் உங்களோடு வேறு யார் இருப்பார்கள்?”

“யாரும் இல்லை,” என்றேன்.

அவசரம் என்று எழுதிக் கொடுத்தார். வரிசையில் நிற்கிற எல்லோரும் அவசரம்தான் என்பது பிறகு தெரிந்தது. போன் செய்து கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில், பொறுமையாக இருங்கள் அம்மா. மழைக்காலம் போய், வெயில் வந்து, தீபாவளி முறுக்கும் சுட்டாயிற்று. என் தொண்டைக்குப் பொறுமை இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது.

நடக்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் மிஞ்சியது. இன்னும் தவழாத பெண் குழந்தை. அதன் அப்பன் சிங்கப்பூருக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். தாய் கையுறை ஃபேக்டரியில் வேலை. பட்டணத்துப் பிள்ளைக் காப்பகங்கள் அவள் பஸ் திரும்பி வருவதற்குள் பூட்டிவிடும். அவளிடம் என் நோயைச் சொன்னேன். “பகல்ல தான ஆன்டி, சமாளிச்சுக்கலாம்லா,” என்றாள். சமாளித்தேன். முதுகு சாய வழியில்லாத பிளாஸ்டிக் முக்காலியில்தான் உட்காருவேன். கண் சொக்கினால் பச்சை மிளகாயைக் கடிப்பேன். பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுப்பதை நிறுத்தினேன். தரையில் பாய் விரித்து, நான் முட்டி போட்டு நின்றுகொண்டு கொடுப்பேன். அந்தக் குழந்தை என் மடி எங்கே என்று தேடிக் கையை நீட்டும். மடியில் வைத்துக்கொண்டு நான் அதன் மேல் சரிந்துவிட்டால் என்ன ஆகும்? எனக்கு எது வந்தாலும் வரட்டும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பது மட்டும்தான் என் வேண்டுதல்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தேதி கொடுத்துவிட்டார்கள். மாற்றுடை கொண்டு வாருங்கள், காப்பி குடிக்காதீர்கள், தலையை நன்றாகச் சுத்தமாகக் கழுவிவிட்டு வாருங்கள் என்று மலாய்க்கார நர்ஸ் சொன்னார். சரி சரி என்றேன். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தேன்.

சுத்தமாகத் தலை முழுகுவது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம். அண்ணி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து, உச்சியிலிருந்து வழிய வழியத் தேய்த்து ஊறவைத்தார். சீயக்காய் போட்டுத் தலை முழுகினேன். முழுகி முடித்ததும், நல்ல காரியத்துக்குப் போகிறவள் பரட்டைத் தலையோடு போனால் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று, தேங்காயெண்ணெய் வைத்து வழித்துச் சீவிக் கொண்டையும் போட்டுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். தலை பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சுத்தமான பொம்பளை என்று நினைப்பார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒயர் ஒட்ட வந்த பெண் என் கொண்டையை அவிழ்த்து விரலால் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

“மிஞ்ஞா போட்டீங்களா, ஆன்டி?” என்றாள். எண்ணெயைத்தான் கேட்டாள்.

தலை கழுவச் சொன்னார்களே, கழுவிவிட்டுத்தானே வந்தேன் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள், சோப்புப் போட்டு அலசிவிட்டாள், பசையை அள்ளி வைத்தாள். எண்ணெயில் ஊறிய மண்டையில் எது ஒட்டும்? அன்றிரவு அவள் திரும்பத் திரும்ப வந்து ஒயரை ஒட்டினாள், அவை திரும்பத் திரும்பக் கழன்றன. கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நான் கழுத்தைக் கூட அசைக்காமல் கிடந்தேன். வருடக்கணக்காகத் தூக்கத்தோடு சண்டை போட்டவள், தூங்கச் சொல்லிப் படுக்க வைத்த அந்த ஒரு ராத்திரியில் தூங்கவில்லை. காலையில் அவள், பதிவு போதவில்லை ஆன்டி, மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். எப்போது என்று கேட்டேன். கூப்பிடுவார்கள் என்றாள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். அண்ணி மேல் கோபப்பட முடியவில்லை. அவர் தேய்த்தது அன்பைத்தான், அதுதான் என் மண்டையில் எதையும் ஒட்டவிடவில்லை. வீட்டுக்காரர் லோரியை நிறுத்திவிட்டுக் கூட்டிப் போக வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் பையை வாங்கிக்கொண்டார். ராத்திரியெல்லாம் என்னைத் தட்டித் தட்டி அவருக்கும் கண் சிவந்து கிடக்கிறது. லோரி ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதில்லை.

அதற்கு அப்புறம் ஒரு மத்தியானம். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, கயிற்றைக் கட்டிக்கொண்டு, முக்காலியில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். விழித்தபோது தரையில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியவில்லை. கயிறு விறைத்து நின்றது, கட்டைவிரல் கறுத்துப்போய் மரத்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் என் உயிர் போய்த் திரும்பியது. தவழ்ந்து போய்க் கைலியை விலக்கினேன். பிள்ளை வேர்வையில் நனைந்து, கன்னமெல்லாம் கண்ணீர் காய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கியதும் விழித்து அழுதது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அது எவ்வளவு நேரம் காலை உதைத்து என்னை இழுத்ததோ, எனக்குத் தெரியாது. மாரில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் நான் வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது.

சாயந்திரம் தாய் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“நான் தூங்கிட்டேன்மா. புள்ள கத்துனது என் காதுல வுழல. இனிமே வேணாம். வேற ஆளு பாரு.”

அவள் பிள்ளையின் தொண்டையைத் தடவினாள். “யாரு இருக்கா ஆன்டி,” என்றாள். அது கேள்வியே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஸ்பிரிங்கிலிருந்து கைலியைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தேன். வீட்டில் பிள்ளை இல்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை இன்னும் வெளிச்சம் வராத நேரத்தில் கதவு தட்டும் சத்தம். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, பிள்ளையும் பையுமாக அவள் நின்றாள்.

“லீவு முடிஞ்சிருச்சு ஆன்டி. எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். இன்னிக்கும் போவலன்னா வர வேணாம்னுடுவாங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். மடித்து வைத்திருந்த கைலியை எடுத்து அவளே ஸ்பிரிங்கில் மாட்டினாள், பிள்ளையைப் போட்டாள். பிறகு தரையில் குனிந்து கயிற்றைத் தேடினாள்.

“காலக் காட்டுங்க ஆன்டி.”

காட்டினேன். கயிற்றை என் கட்டைவிரலில் சுற்றி, நான் கட்டுவதைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள். தொட்டிலைக் கையால் அசைத்துப் பார்த்தாள். கயிறு இழுத்தது.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“சரி ஆன்டி,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே ஹாரன் அடித்தது, ஓடினாள்.

பஸ் போகும் சத்தம் கேட்டது. பிள்ளை கைலிக்குள் கையை மூடிக்கொண்டு தூங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை. நான் மிளகாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கத் தொடங்கியது.