சிட்டு ஒரு ரெக்கை, பட்டு ஒரு ரெக்கை

எனக்குப் பேத்தி பொறந்து நாப்பது நாள் ஆகுது. அந்தச் சந்தோஷத்துல தலைகால் புரியாம நான் கேட்ட ஒரு வார்த்தை, காத்தாடி மேடத்தோட ஏழு வருஷ உழைப்பையே கவுக்கப் பாத்துச்சு.

நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்துல மூணாவது மாடி, கோடி ரூம் அவங்களுது. தானா பறக்குற குட்டி மிஷின் செய்யறாங்க, அதான் நாங்க வச்ச பேரு காத்தாடி மேடம். எடை முக்கால் கிராம், ஒரு சிட்டிகை அரிசிதான். ரெக்கை வெங்காயச் சருகு மாதிரி. மூக்குல கடுகு மாதிரி ஒரு கண்ணு. கையை விட்டா மிதந்து போகும், எங்க திரும்பணும்னு அதுவே பாத்துக்கும். மலை மேலேர்ந்து நூறு, எரநூறுனு விட்டா, காத்து எப்படி அடிக்குதுனு சொல்லிக்கிட்டே இறங்குமாம். திரும்பி வராது.

அந்த ரூம்ல ஃபேன் போடக் கூடாது. தும்மல் வந்தாக்கூட வெளிய போயித்தான் தும்மணும். மொதல்ல மூணு பேர் கூட இருந்தாங்க. வேர்த்துக் கொட்டி, ஒவ்வொருத்தரா அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. அங்கேர்ந்து சிரிப்பு கேக்கும். இங்க மேடம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெக்கை ஒட்டுவாங்க. சாப்பாட்டு டப்பாவ சுவரைப் பாத்துத் தொறப்பாங்க.

பேத்தி பொறந்ததச் சொன்னதும் எடை கேட்டாங்க.

"மூணு கிலோ மேடம்."

"அடேயப்பா. நாலாயிரம் மிஷின் செய்யலாமே தாத்தா."

"சிட்டுனு கூப்பிடுறேன். உங்க மிஷின் மேல அந்தப் பேரை எழுதுங்களேன்."

உடனே பேனா எடுத்து இடது ரெக்கையில எழுதிட்டாங்க. பசைச் சொட்டைக்கூட எடை போட்டு வைக்கிறவங்க. ஆனா அவங்ககிட்ட யாரும் எதுவும் கேட்டு ரொம்ப நாளாச்சு போல.

மிஷினைச் சோதிச்சுப் பாக்க வெள்ளிக்கிழமை ஆபீசர்ங்க வர்றாங்க. இந்தக் கோடியில விட்டா, அந்தக் கோடியில இருக்குற நாற்காலியில போய் உக்காரணும். இல்லேன்னா ரூமைப் பூட்டிடுவாங்க. ஆனா மிஷின் இடது பக்கமாவே சாஞ்சு போயி அலமாரியில முட்டுது. மூணு நாள் மிஷினோட கண்ணைத் தொறந்து பாத்தாங்க, வாலைத் திருப்பிப் பாத்தாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் நான் குப்பைக் கூடையோட போனப்ப, ரெக்கையவே உத்துப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"தாத்தா, உங்க பேத்தி பேரு கனமா இருக்கு."

"அழிச்சுடுங்கம்மா."

"சொரண்டினா ரெக்கை கிழிஞ்சுடும்." பேனாவ எடுத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "வீட்டுல வேற பேரு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"எம் பொண்டாட்டி பட்டுனு கூப்பிடுவா. இதுல எங்களுக்குள்ள தினம் சண்டை."

வலது ரெக்கையில பட்டுனு எழுதினாங்க. அந்தப் பக்கம் இன்னும் லேசாத்தான் இருந்துச்சு. கீழ ஒரு கோடு போட்டாங்க. நேரா நின்னுச்சு.

மறுநாள் நான் கதவோரம் நின்னு பாத்தேன். கையை விட்டாங்க. சத்தமே இல்ல. மேசையச் சுத்தி, தூணைத் தாண்டி, நாற்காலியில போய் உக்காந்துச்சு. ஆபீசர்ங்க தலையாட்டினாங்க, இன்னும் மூணு வருஷம் ரூம் உங்களுதுன்னாங்க, பத்து நிமிஷத்துல போயிட்டாங்க.

"வீட்டுல யாருக்கும் சொல்லலையாம்மா?"

"அதான் நீங்க பாத்துட்டீங்களே தாத்தா, அது போதும்."

மிஷினை டப்பால வச்சு மூடினாங்க. போயி ஃபேன் சுவிட்சைப் போட்டாங்க. ஏழு வருஷத் தூசி ரெண்டு பேர் தலைமேலயும் கொட்டிச்சு. துடைப்பத்தை எடுத்தேன்.

"அப்புறம் கூட்டுங்க தாத்தா," நாற்காலிய எம் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. "பாப்பா போட்டோவக் காட்டுங்க."