பஸ்ஸில் தோடி, சர்ச்சில் சங்கராபரணம்

நேற்று சாயங்காலம் முதல்முறையாக ஒரு சர்ச்சில் உட்கார்ந்து பாடினேன்.

(மேடையில் இல்லை. நாலாவது பெஞ்சில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.)

நான் பாட்டு டீச்சர். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு ஸ்கூலில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறேன். ஸ்டெல்லா அதே ஸ்கூலில் கணக்கு டீச்சர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து தினமும் இருவரும் ஒரே பஸ், ஒரே ஸீட். ஜன்னலோரம் அவளுக்கு. அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

அவள் சர்ச் கொயரில் ஆல்ட்டோ.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொயரில் ஒரே பாட்டை நாலு குழுவாகப் பிரிந்து, நாலு விதமாக, ஒரே நேரத்தில் பாடுவார்கள். நம் காதில் மெட்டு என்று விழுவது மேலே பாடும் சொப்ரானோ. அதற்குக் கீழே ஆல்ட்டோ. கொயர் மாஸ்டர் அவரவர் பகுதியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். அதைத்தான் ஸ்டெல்லா வழியெல்லாம் மெதுவாகப் பாடிப் பார்த்துக்கொண்டு வருவாள்.

போன வருஷம் ஒருநாள் கேட்டேன்.

"என்னடி, காலங்காத்தால தோடி பாடிக்கிட்டு வார? யாருக்கு என்ன ஆச்சு?"

"தோடியா? கிறிஸ்மஸ் பாட்டு டீ இது. ஏசு பொறந்திருக்காரு, நீ எழவு வீட்டுப் பாட்டுங்குற."

(முன் ஸீட் அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.)

தப்பு என் காதில்தான். நமக்குத் தம்புரா பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது காட்டுகிற ஸ-வை வைத்துத்தான் மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் பெயர். பஸ்ஸில் ஏது தம்புரா? அவள் எடுத்த முதல் ஸ்வரத்தையே நான் ஸ என்று பிடித்துக்கொண்டேன். அவர்கள் பாட்டில் அது க. அவர்களுடைய மேஜர் ஸ்கேல்தான் நம் சங்கராபரணம். அதன் காந்தாரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால் தோடி வந்து நிற்கும். கிரகபேதம் என்று பிள்ளைகளுக்கு நானே போர்டில் எழுதிப்போடுகிற பாடம்.

அறிவுக்குப் புரிந்தது. காதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பாடினால் எனக்கு அது சோகமான தோடிதான்.

"ஒத்தையா நின்னா அப்பிடித்தான்டி கேக்கும். மத்தவங்களும் சேரட்டும், அப்பப் பாரு. ஒருநா சர்ச்சுக்கு வா."

வாரேன் வாரேன் என்று சொல்லியே அந்த டிசம்பர் போய்விட்டது.

இந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டாள். பிறகு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தீபாவளி முடிந்து ஸ்கூல் திறந்த அன்று, ஸ்டெல்லா இறந்துவிட்டாள் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஜெயசீலன் அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். போன வாரம் அவரிடமிருந்து போன்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம கேரல் சர்வீஸ். போன வருசம் அவ பாடுனால்ல, அதே பாட்டத்தான் இந்த வாட்டியும் பாடுறாங்களாம். நீங்க செத்த வர முடியுமா?"

"வாரேண்ணே."

"கல்யாணம் ஆனதுலருந்து முன்னாடி ஒக்காந்து கேட்டிருக்கேன். எல்லாக் கொரலும் ஒண்ணாக் கலந்துதான் வரும். அதுல அவ பாடுறது எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது. அம்மா தூங்குவாங்கன்னு வீட்லயும் பாட மாட்டா. பஸ்லதான் பாடிக்குவேன்னு சொல்லுவா. எங்க போயிரப் போறா, ஒருநா கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன் டீச்சர். அவ பாடுனது உங்களுக்குத் தெரியும்ல? காட்டிக் குடுக்குறீங்களா?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் சர்ச்சுக்குப் போனேன். அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் ஸ்டார் எரிந்தது. அவர்கள் வாசலில் இந்த வருஷம் கட்டவில்லை.

அந்தப் பாட்டின் முறை வந்தது. அண்ணன் என் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். கமகம் போட்டே பழகின தொண்டை, ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்த வேண்டும். கூட்டத்தில் மெட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த மனுஷர் தப்பானதையல்லவா ஸ்டெல்லா என்று நினைத்துக்கொள்வார்.

பஸ்ஸில் கேட்ட தோடியை மனசில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

கீழே ஆர்கன் வந்தது. ஆண்களின் குரல் வந்தது. நான் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் நான் ஸ என்று பிடித்திருந்தது தானாகவே க ஆகிவிட்டது, தோடி சங்கராபரணமாகிவிட்டது. அவள் தினமும் பாடிக்கொண்டு வந்த அதே வரி, அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்ததால் நிறுத்தவில்லை.

"இதுவா டீச்சர்?"

"இதான்ணே."

கடைசிச் சரணத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கொயரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"இப்ப எனக்கே கேக்குது," என்றார். என் பக்கம் திரும்பி, "இம்புட்டுச் சந்தோசமாவா பாடிக்கிட்டிருந்தா?"

"ஆமாண்ணே."

இத்தனை நாளும் எனக்கு அது எப்படிக் கேட்டது என்று அவரிடம் சொல்லவில்லை.

(கொயர்காரர்களுக்கு நன்றி. நீங்கள் கொடுத்த கேக்கை அங்கே சாப்பிட முடியவில்லை. பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.)

இன்று காலை அதே பஸ். ஜன்னலோரம் காலியாக இருந்தது, நானே உட்கார்ந்துகொண்டேன். நேற்றுப் பாடியதை நேற்று மாதிரியே பாடிப் பார்த்தேன். காந்திகிராமம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் பாடினேன்.

தோடிதான் வந்தது.

அவள்தான் சொன்னாளே, ஒத்தையா நின்னா அப்பிடித்தான்டி கேக்கும் என்று.