இந்த வருஷமாவது தோற்க வேண்டும்

ஆவுடையப்பனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். கிளப் உள்போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர் தோற்க வேண்டும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சுடர் பூப்பந்துக் கழகத்தின் வழக்கம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால், நாலு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருக்கிறது அந்தக் கிளப். அதை ஆரம்பித்த பஞ்சு வியாபாரி, போய்ச் சேருமுன் ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போனார். வருஷா வருஷம் மாசியில் கிளப்புக்காரர்களுக்குள்ளேயே ஒற்றையர் போட்டி. பூப்பந்தை ஊரெல்லாம் பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவார்கள். ஒற்றைக்கு ஒற்றை ஆடுவது இந்தக் கிளப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் ஜெயிப்பவர் கையில் கிளப் சாவி. அடுத்த மாசி வரை அவர்தான் அங்கே ராஜா.

ஆரம்ப காலத்தில் வாட்ச்மேன் முத்துவீரன் இருந்தார். தரைக்குத் தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர் பாடு. சாவிக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தால் போதும். முத்துவீரன் மகனோடு திருப்பூருக்குப் போனார். வேறு ஆளைப் போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எவரும் போடவில்லை. வேலையெல்லாம் சத்தமில்லாமல் சாவிக்காரர் தலையில் இறங்கியது.

அதன் பிறகு கிளப்பில் ஆட்டம் மாறிப்போனது. நன்றாக ஆடுகிறவனுக்கெல்லாம் மாசி பிறந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கால் இறுதி வந்தால் ஒருவனுக்குக் கொழுந்தியாள் வீட்டில் காதுகுத்து, அரை இறுதி வந்தால் இன்னொருவனுக்கு வயிற்றுப்போக்கு. ஆவுடையப்பன் மட்டும் பந்து வந்தால் அடித்தார். தன் ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் மெருகேறுகிறது என்று பாவம், மனப்பூர்வமாக நம்பினார். மற்றவர்கள் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தபோது ஐந்தாறு மாசி கடந்திருந்தது.

அவர் சுபாவம் அப்படி. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் எவன் வந்து ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். தீபாவளிக்கு மில்லில் ஆள் வேண்டுமென்றால் அவர்தான். கல்யாண வீட்டில் சாமான் அறைக்குக் காவல் வேண்டுமென்றால் அவர்தான். "அண்ணாச்சி இல்லாட்டி ஒண்ணும் ஓடாது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. இல்லையென்று அவரே சொல்ல மாட்டார்.

மில்லில் முன்கூட்டியே ஓய்வு வாங்கியதும் மனைவி மாரீஸ்வரி சந்தோஷப்பட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா வீடு பூட்டிக் கிடந்தது. நைட்டி தைக்கும் கம்பெனியில் பல வருஷம் குனிந்தே கிடந்தவள், அந்த வீட்டில் சொந்தமாக மெஷின் போட்டு இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். ஐப்பசியில் குடிபோய்விட்டாள். ஆவுடையப்பனும் கூடப் போவதாகத்தான் பேச்சு. "சாவிய மட்டும் ஒப்படைச்சுட்டு வந்துருதேன்" என்றார். ஒப்படைப்பதென்றால் மாசிவரை வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் தினம் மூன்று மணிக்குத் தரைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியவர் எங்கே போய் இருக்க முடியும்? காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மதியம் விருந்தாளியைப் போலக் கிளம்பி வந்துகொண்டிருந்தார். ராத்திரி ராஜபாளையத்து வாடகை வீட்டில் தனியாகப் படுத்துக் கிடக்கையில், தன்னைத்தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட மாதிரி மூச்சு முட்டியது.

இறுதி ஆட்டத்தன்று மதியம் கோடு போடக் கயிறு கட்டிக்கொண்டிருக்கையில் மாரீஸ்வரி போன் போட்டாள்.

"இன்னைக்கு நானும் வாரேன். ஒங்க ஆட்டத்தப் பாக்க."

"நீ எதுக்கு வீணா அலையுத?"

"நீங்க தோக்கதப் பாக்கத்தான். ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவோம். இந்த வருசமும் சாவியத் தூக்கிட்டு நின்னீயன்னா அங்கனயே இருந்துக்கிடுங்க. நான் ஒத்தையில சாப்புட்டுப் பழகிக்கிடுதேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். போனைத் தோளில் இடுக்கியபடியே கயிற்றை முளையில் சுற்றி, சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. எதிரே கௌதம்ராஜ். செல்போன் கடை வைத்திருப்பவன், கார்த்திகையில்தான் கல்யாணம் ஆனது. அவனும் விரும்பி இறுதிக்கு வந்தவன் இல்லை. அரை இறுதியில் அவனோடு ஆட வேண்டிய பாண்டிச்செல்வம் அவனுக்கு முன்பாகவே யோசித்து, அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போய்விட்டான். ஆள் வராததால் கௌதம்ராஜ் ஜெயித்ததாகிவிட்டது. புதுப்பெண்டாட்டிக்காரன் சாயங்காலமெல்லாம் சுண்ணாம்பு வாளியோடு நிற்க முடியுமா?

ஆக, தோற்றே தீர வேண்டிய இருவர் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். முப்பத்தைந்து புள்ளி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. கௌதம்ராஜ் சர்வீஸை வலையில் அடித்தான். ஆவுடையப்பன் பதிலுக்கு வேப்பமரத்தில் அடித்தார். அவன் வழுக்கி விழுந்தான். இவர் கண்ணில் தூசி என்று கண்ணைக் கசக்கினார். மஞ்சள் கம்பளிப் பந்து அன்று பட்ட அவமானத்துக்கு அளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் ஐயாதுரை சார் மட்டும், "ரெண்டு பேருக்கும் பதட்டம்லே, பைனல்னா அப்படித்தான்" என்று பரிதாபப்பட்டார்.

மாரீஸ்வரி பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு. கௌதம்ராஜ் பந்தை வெளியே அனுப்புவதற்கென்றே வானத்தைப் பார்த்துத் தூக்கி அடித்தான். பந்து பின்மூலைக்குப் போனது. ஆவுடையப்பனுக்கு அந்தத் தரையில் ஒவ்வோர் அடியும் தெரியும். மேலே வரும்போதே கணக்குப் போட்டுவிட்டார்: கோட்டுக்கு உள்ளேதான் விழும், ஒரு நூல் சந்தேகமில்லை. பேட்டைத் தாழ்த்தினார். வருஷக் கணக்கில் காணாத நிம்மதியோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுட்!" என்றார் ஐயாதுரை சார்.

ஆவுடையப்பன் திரும்பினார். பந்து கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே கிடந்தது. கை தட்டினார்கள். கௌதம்ராஜ் பேட்டை உயரத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தான். தோற்றவன் இப்படித் துள்ளி எந்த ஊரிலும் பார்த்திருக்க முடியாது.

அவருக்குப் பொறி தட்டியது. அந்த மூலையில் இரண்டு முளைகள் உண்டு. ஒன்று ஆடுகளத்தின் முளை. இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பயிற்சிக்காக ஒரு சாண் உள்ளே அடித்தது. மதியம் போனில் பேசிக்கொண்டே கயிற்றை உள்முளையில் கட்டியிருக்கிறார்! கோடு ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே வந்திருக்கிறது. அவருக்கு அழுகைக்குப் பதிலாகச் சந்தோஷம் பொங்கியது.

"சார்! அது அவுட் இல்ல! கோடுதான் தப்பு! நான்தான் தப்பாப் போட்டுட்டேன். டேப்ப எடுங்க, அளந்து பாருங்க! கௌதமுதான் ஜெயிச்சான்!"

டேப் வந்தது. அளந்தார்கள். அவர் சொன்னது சரி. கௌதம்ராஜின் முகம் செத்துப்போனது. ஐயாதுரை சார் தொண்டையைச் செருமினார். ஆவுடையப்பன் மனசுக்குள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே பிடித்துவிட்டார்.

கௌதம்ராஜ் சாமர்த்தியக்காரன். சட்டென்று முன்னால் வந்தான்.

"சார், நான் விட்டுத் தாரேன். ஜெயிச்ச மனுசன், தானே வந்து நான் தோத்துட்டேன்னு சொல்லுதாவள்ல, இந்த மனசு எவனுக்கு வரும்? அண்ணாச்சி கைல இருக்கிறதுதான் சாவிக்கு மரியாத. இந்த வருசம் மட்டும் இல்ல, இனி எப்பவுமே அவியதான் வச்சிருக்கணும்!"

கிளப்பே எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் அடுத்த மாசியும், அதற்கடுத்த மாசியும் விடிந்துவிட்டது. ஐயாதுரை சாருக்கு மட்டும் நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. துண்டு போர்த்தி, ஆட்டத்துக்கு முன் வாங்கி வைத்திருந்த சாவியை ஆவுடையப்பன் உள்ளங்கையில் வைத்து, "ஏலே ஆவுடையப்பா, ஒன்னய மாதிரி ஒருத்தன் இருக்கக் கொண்டுதாம்லே இந்தக் கிளப்பு நிக்கி" என்றார்.

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார்.

மாரீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். பஸ் நிறுத்தத்தில்தான் அவளை எட்டிப் பிடித்தார்.

"நீயே பாத்தேல்ல? நான் எம்புட்டுத் தூரம் முயற்சி பண்ணேன்? தப்புக் கோட்டக் கூடச் சொல்லிட்டேன். பொறவும் விட மாட்டேங்காங்க."

"எல்லாம் பாத்தேன். வல மேல அடிச்சீய, மரத்து மேல அடிச்சீய. கண்ணுல தூசின்னு பொய் சொன்னீய. டேப்ப வச்சு அளக்கச் சொன்னீய." அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "சாவியக் கைல வைக்கும்போது எனக்கு வேண்டாம்னு சொன்னீயளா?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வழி இருப்பதாக ஆவுடையப்பனுக்குத் தோன்றியதே இல்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போயிச் சொல்லிட்டு வாங்க. செத்த நேரம் நிக்கேன். ரெண்டு பஸ்ஸு போனாலும் போவுது."

அவர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டாம். ஒன்றும் கஷ்டமான வார்த்தை இல்லை. சின்னப் பிள்ளைகள்கூடச் சோற்றைத் தள்ளிவிட்டுச் சொல்கிற வார்த்தைதான்.

கொட்டகையில் எல்லாரும் வடையும் டீயுமாக இருந்தார்கள். அவரைக் கண்டதும் ஐயாதுரை சார் தன் நாற்காலியை விட்டு எழுந்து, "வா, இதுல உக்காரு" என்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பின்மூலையில் கோடு இன்னும் தப்பாகவே கிடப்பது கண்ணில் பட்டது.

"நாளைக்கு அந்தக் கோட்டச் சரி பண்ணிப்புடுதேன்" என்றார்.

முதல் பஸ் போன சத்தம் கேட்டது. வலையை அவிழ்த்துச் சுருட்டினார். இரண்டாவது பஸ் ஹாரன் அடித்தபோது சுண்ணாம்பு வாளியைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.